ஆறு தந்திகளும் ஒரு நாயும்

பூர்ஜ்
12 மார்ச் 1983, சனிக்கிழமை, காலை 6.40

கிஸ்லேன் அக்கா,

தந்திகள் ஆறு. அறுந்தவை இரண்டு. மர நாக்குகள் நாற்பத்தாறு. தொலைந்தவை மூன்று. நதேஜின் கல்யாணத்துக்கு மிச்சம் தொண்ணூற்றெட்டு நாள். நீயும் நானும் பேசி இருநூற்று நாற்பத்தொரு நாள்.

கணக்கு முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

வியேல் வாங்கிவிட்டேன். கைப்பிடியைச் சுற்றினால் மரச் சக்கரம் தந்திகளை உரசிப் பாடவைக்குமே, அதே வியேல்தான். மேசை மேல் இருக்கிறது. முந்தைய சொந்தக்காரர் அதன் வயிற்றுக்குள் பட்டாணி போட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது, ஆட்டினால் உருள்கிறது.

ஏன் என்று கேட்பாய். போன ஞாயிறு நதேஜ் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணா, நீயும் அக்காவும் சேர்ந்து முன்னால வாசிச்சிக்கிட்டுப் போனாத்தான் நான் வாசலைத் தாண்டுவேன். இல்லேன்னா ஊர்வலமே வேணாம், கார்ல போய் மேயர் ஆபீஸ்ல இறங்கிக்கிறேன்" என்றாள். நம் குடும்பத்தில் மணப்பெண் காரில் போனதில்லை என்று சொன்னேன். "அதை அக்காகிட்ட சொல்லு. என் பைக்குழலோட அவன் அக்கார்டியன் வந்தா நான் வரமாட்டேன், வியேல் வந்தா பாக்கலாம்னு சொல்றா" என்றாள்.

நான் வியேலைத் தொடமாட்டேன் என்ற தைரியத்தில்தானே அப்படிச் சொன்னாய்? தொட்டுவிட்டேன்.

சுருதி வைக்க இரண்டு வழி இருப்பதாகக் கையேடு சொல்கிறது. பாட்டுத் தந்திகளை ரே என்கிற ஸ்வரத்தில் வைப்பது ஒன்று. அதைவிட மேலே, ஸொல் ஸ்வரத்தில் வைப்பது இன்னொன்று. நான் ரே எடுத்தேன். தந்தியின் நீளம் 345 மில்லிமீட்டர். ரே என்றால் தடித்த குடல் நரம்பு போடலாம், இழுவிசை குறைவு, சீக்கிரம் அறாது, ஒலியும் சதைப்பற்றாக இருக்கும். நாலு பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தந்திக்குக் கடையில் சொல்லியாகிவிட்டது. முடிவு முடிவுதான்.

நீ சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு எந்தக் குழலைக் கொண்டுவருகிறாய்? ஒரு வரி போதும். திட்டி எழுதாதே, தபால்தலை வீண்.

ரெஜிஸ்


ஓரியாக்
20 மார்ச்

ரெஜிஸ்,

ஒரு வரி கேட்டாய். ஸொல் குழல். முடிந்தது.

இனி வருவது நீ கேட்காதது, அதனால் படிக்காமல் விடலாம். விடமாட்டாய்.

முடிவை எடுத்து, பொருளுக்கும் சொல்லிவிட்டு, அப்புறம் கேள்வி கேட்கிறவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். இங்கே நான் ஒரு நாளைக்கு முந்நூறு பாலாடைக்கட்டி உருளைகளைச் சுத்தியலால் தட்டிக் கேட்கிறேன். ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் சொல்லிவிடும். தட்டின பிறகுதான் முத்திரை. நீ முத்திரை குத்திவிட்டுத் தட்டுகிறாய்.

என் குழலுக்குச் சுருதி முறுக்கும் பிரடை கிடையாது. அதன் சுருதி அதைக் கடைந்த அன்றைக்கே முடிவாகிவிட்டது. அது உன்னிடம் வராது. நீதான் அதனிடம் வரவேண்டும். எனவே பாட்டுத் தந்தி இரண்டையும் ஸொல்லில் வை. பக்கத்தில் ஓயாமல் ரீங்கரிக்கும் ஈத் தந்தியும் ஸொல். பெரிய வண்டு என்கிற தடித்த சுருதித் தந்தியும் ஸொல், கீழே. எக்காளத் தந்தி ரே. சின்ன வண்டு தோ. ஆனால் நம் அணிவகுப்புப் பாட்டுக்குத் தோ ஆகாது, அதனால் சின்ன வண்டைச் சக்கரத்திலிருந்து தூக்கி ஓரக் கொக்கியில் மாட்டிவிடு.

வியேலில் எனக்குப் பிடித்ததே இதுதான். வேண்டாத வாயை மூடி வைக்கலாம். அக்கார்டியனில் அந்த வசதி இல்லை. உன்னிடமும் இல்லை.

பாட்டுத் தந்திக்கு நரம்பே போடு, எஃகு வேண்டாம். சக்கரத்தைத் தொடும் இடத்தில் பஞ்சு சுற்று. எவ்வளவு என்று எழுதமாட்டேன், உடனே எத்தனை மில்லிகிராம் என்பாய். கீச்சிட்டால் பஞ்சு குறைவு, தொண்டை கட்டினால் அதிகம். சக்கரத்துக்கு ரோசின் பிசின் ஒரு தடவல் போதும், ரொட்டிக்கு வெண்ணெய் பூசுகிற மாதிரி பூசாதே.

'பாக்கலாம்' என்றுதான் சொன்னேன். 'வருகிறேன்' என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தையும் கவனி.

கிஸ்லேன்


பூர்ஜ்
2 ஏப்ரல், சனிக்கிழமை, காலை 5.50

அக்கா,

எழுபத்தேழு நாள்.

நீ எழுதியதை நாலு முறை படித்தேன். அதில் மூன்று முறை கோபத்தில். நாலாம் முறை படித்துவிட்டு ரே தந்திகளைக் கழற்றினேன். வந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. உபரியோடு சேர்த்துப் புத்தம் புதுச் சுருள்கள் நாலு. கீழ்வீட்டு மதாம் புவாரோன் படிக்கட்டில் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது உனக்கு வேணாமா? வேணாம்னா எனக்குக் குடேன்" என்றார். கொடுத்துவிட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை, எனக்கு நேரமில்லை.

ஸொல்லுக்கு மெல்லிய நரம்பு போட்டேன். முதல் தந்தியை முறுக்கும்போது தொழிற்சாலை ஆய்வுக்கூடத்து அதிர்வெண்மானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை. தந்தி வந்தது, நேராகக் கன்னத்துக்கு. தழும்பு 4 சென்டிமீட்டர். தொழிற்சாலையில் எல்லோரும் "பொண்ணு யாருடா?" என்று கேட்கிறார்கள்.

எக்காளத்துக்கு எஃகு போட்டுப் பார்த்தேன். தெரியும், வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தாய், ஆனால் பாட்டுத் தந்திக்குத்தான் எழுதியிருந்தாய். அந்தத் தந்தியின் கீழே ஒரு கால் ஊன்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற, தந்தியைத் தாங்கும் குட்டிக் குதிரைக்கட்டை, அதற்கு நாய் என்று யார் பெயர் வைத்தார்களோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். கைப்பிடியை வெட்டிச் சுற்றினால் பலகையைத் தட்டிக் குரைக்கவேண்டும். எஃகு போட்டதும் அது குரைக்கவில்லை, ரம்பம் இழுத்தது. நரம்புக்கு மாறினேன். இப்போது குரைக்கிறது. நான் சொல்லும்போது அல்ல, அதற்குத் தோன்றும்போது.

பெரிய வண்டுக்குச் செம்புக் கம்பி சுற்றின நரம்பு. இதில் சந்தேகமே இல்லை, மேசையே அதிர்கிறது.

முக்கியமான விஷயம். விசைக்கட்டை ஒன்றுக்கு இரண்டு நாக்கு. கட்டையை அழுத்தினால் நாக்குகள் போய்த் தந்தியைத் தொட்டு ஸ்வரத்தை வெட்டுகின்றன. நாற்பத்தாறு நாக்குகளையும் திருப்பித் திருப்பி அதிர்வெண்மானியால் சரிசெய்துவிட்டேன். தொலைந்த மூன்றை நானே செதுக்கினேன். பிழை எங்குமே அரை ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. இந்த மாவட்டத்தில் இவ்வளவு துல்லியமான வியேல் வேறு இருக்காது.

கேசட் இணைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு எழுது. குறை இருந்தால் எண்ணாகச் சொல்.

ரெஜிஸ்


ஓரியாக்
13 ஏப்ரல்

ரெஜிஸ்,

உன் கேசட்டை வேலை இடத்தில் போட்டேன். முதல் நிமிஷத்தில் என்னோடு வேலை செய்யும் மார்செலின் நிமிர்ந்து பார்த்து, "யாரோட மாடுடீ அது? கன்னு போடப்போகுதா?" என்றாள். என் தம்பி என்றேன். "அடப்பாவமே" என்றாள். ஆனால் முழுவதும் கேட்டாள். மெழுகு பூசிக்கொண்டே காலால் தாளம் போட்டாள். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

தந்தி தேர்வு நன்றாக இருக்கிறது. பஞ்சு நன்றாக இருக்கிறது. நாய் குடித்திருக்கிறது, அது தெளியும்.

ஸி குத்துகிறது.

நீ மேலே ஏறி ஸியில் நிற்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குப் பல் கூசியது. உன் மானி சரியாகத்தான் காட்டியிருக்கும். அது பியானோவுக்குப் பிறந்த ஸி. பியானோவுக்குக் கீழே வண்டு கிடையாது. உனக்கு இருக்கிறது. பெரிய வண்டு விடாமல் ஸொல் ஸொல் என்று சொல்லிக்கொண்டிருக்க, அதன் தலைமேல் நீ ஒரு ஸியைக் கொண்டுபோய் வைக்கிறாய், கால் பொருந்தவில்லை, நடுங்குகிறது. நடுக்கம் உன் காதில் விழவே இல்லையா? வவ், வவ், வவ் என்று அலை அலையாக வருமே.

இந்தத் தப்பைச் செய்ய உன்னால்தான் முடியும். மானி இல்லாத ஒருவன் வேறு வழியில்லாமல் காதால் வைத்திருப்பான்.

மானியை அலமாரியில் வை. வண்டை ஓடவிடு. ஸி கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நாக்கை மயிரிழை திருப்பு. அலை மெதுவாகும், இன்னும் மெதுவாகும், பிறகு நின்றுவிடும். நின்ற இடம்தான் இடம். எண் கேட்டாய், என்னிடம் எண் இல்லை.

போன ஜூலை பதினாலு நடன மேடை பற்றி நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் எனக்கு எழுத்து ஓடவில்லை. நான் மேடையிலிருந்து இறங்கிப் போனது கர்வத்தால் என்று நீ ஊர் முழுக்கச் சொன்னாய். அதற்கு முந்தின இடைவேளையில் தபால்காரர் ஃபுஷே என்னிடம் வந்து, "நல்லா ஆடினோம்மா, ஆனா நீ இன்னிக்கி ஊதவே இல்லையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் ஊதியிருந்தேன், ரெஜிஸ். கன்னம் வலித்துக்கொண்டிருந்தது. உன் அக்கார்டியன் பெட்டிக்கு அடியில் என் பாட்டு என் காதுக்கே வரவில்லை. உன்னைப் பார்த்தேன், மூன்று தடவை பார்த்தேன், நீ துருத்தியை இன்னும் அகலமாக இழுத்தாய்.

அவ்வளவுதான். பதில் எழுதவேண்டாம். ஸியைச் சரிசெய்.

கிஸ்லேன்


பூர்ஜ்
24 ஏப்ரல், ஞாயிறு, காலை 10.15

அக்கா,

நின்றுவிட்டது.

இப்போதுதான், பத்து நிமிஷம் முன்னால். மூன்று நாளாக எனக்கு எந்த அலையும் கேட்கவில்லை, நீ கதை விடுகிறாய் என்றே நினைத்தேன். இன்று காலை மதாம் புவாரோன் தேவாலயத்துக்குப் போயிருந்தார், வீடு நிசப்தம். வண்டை ஓடவிட்டேன். ஸியை அழுத்தினேன். வவ் வவ் வவ். எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. ஒருமுறை கேட்டபின் கேட்காமல் இருக்கவே முடியவில்லை. நாக்கைத் தொட்டேன். வவ்... வவ்... வ... பிறகு ஒன்றுமில்லை. ஸி போய் ஸொல்லுக்குள் உட்கார்ந்துகொண்டது. பெட்டியே பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

ஆசையில் மானியை வைத்து அளந்தேன், மன்னித்துவிடு. முன்பு வைத்ததைவிட நாலு ஹெர்ட்ஸ் கீழே. நாலு. நான் அரை ஹெர்ட்ஸ் பற்றிப் பெருமையடித்துக் கொண்டிருந்தேன்.

நாற்பத்தாறு நாக்குகளையும் காதால் மறுபடி வைக்கப்போகிறேன். பன்னிரண்டு முடிந்தது.

நாய் ஒரு சுற்றுக்கு இரண்டு குரைப்பு குரைக்கிறது, ஒழுங்காக. நாலுக்குப் போனால் மணிக்கட்டு குழம்புகிறது. வெள்ளிக்கிழமை தொழிற்சாலை உணவு இடைவேளையில் கரண்டியை வைத்து மணிக்கட்டை வெட்டிப் பழகிக்கொண்டிருந்தேன், சூப் மேலதிகாரியின் சட்டையில். "என்னப்பா, ஃபிட்ஸா?" என்றார். இல்லை சார், வியேல் என்றேன். அதைவிட ஃபிட்ஸே பரவாயில்லை என்றார்.

ஐம்பத்தைந்து நாள். மற்ற விஷயத்துக்குப் பதில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். எழுதவில்லை. படித்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

ரெஜிஸ்


ஓரியாக்
27 மே

ரெஜிஸ்,

ஒருமுறை சிரித்துவிட்டு நிறுத்திக்கொள். சிரிக்கப்போகும் விஷயத்தை எழுதுகிறேன்.

ஸொல் குழல் விரிசல் விட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தவள் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனேன். எட்டு மணி நேர வெயில். மாலையில் எடுத்தபோது மூன்றாம் துளையிலிருந்து ஐந்தாம் துளை வரை ஒரு கோடு. தட்டிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய தேவையே இல்லை. வேறு யார் மேலும் பழி போட முடியாது. நாள் முழுக்க அடுத்தவர் உருளையில் விரிசல் தேடுகிறவள் நான்.

செய்தவரிடம் அனுப்பியிருக்கிறேன். ஒட்டித் தர ஆகஸ்ட் ஆகும் என்கிறார். என்னிடம் மிச்சமிருப்பது பெரிய குழல். அது ரே.

ஆமாம். ரே.

உன் வியேல் இப்போது ஸொல்லில் முழுசாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். போன வாரம் அனுப்பிய கேசட்டை மார்செலின் திருப்பித் தரமாட்டேன் என்கிறாள். ரேக்கு மாற்றினால் பாட்டுத் தந்தி இரண்டும் போகும், நாற்பத்தாறு நாக்கும் நகரும், நீ மறுபடி ஆரம்பத்தில் நிற்பாய். மூன்று வாரத்தில் அதைச் செய் என்று கேட்க எனக்கு முகமில்லை. நதேஜுக்கு எழுதிவிடட்டுமா, காரே ஏற்பாடு செய்துகொள் என்று? பாவம், அவள் ஊர்வலத்துக்காகவே தட்டைக் குதிகால் செருப்பு வாங்கிவிட்டாளாம்.

நீ சொல்கிறபடி செய்கிறேன்.

கிஸ்லேன்


பூர்ஜ்
31 மே, செவ்வாய், காலை 6.05

அக்கா,

பதினெட்டு நாள். நதேஜுக்கு எதுவும் எழுதாதே.

சிரித்தேன். ஒருமுறை அல்ல. அப்புறம் ரே தந்திகளின் ஞாபகம் வந்து கீழ்வீட்டுக்கு ஓடினேன்.

"மதாம், மார்ச்சுல நான் குடுத்த நரம்பு நாலு சுருள், இருக்கா?"

"இருந்துச்சே. நல்ல நரம்புப்பா அது. கன்னுக்குட்டி இறைச்சி ரோஸ்ட் பண்றப்ப சுருட்டிக் கட்டுறதுக்கு அதை அடிச்சுக்க எதுவுமில்லை. ஈஸ்டருக்கு ரெண்டு, முதல் நற்கருணைக்கு ஒண்ணு."

"மதாம், அது வியேல் தந்தி."

"ஆட்டுக் குடல்தானே? இறைச்சிக்கு இறைச்சி கட்டினேன். என்ன தப்பு?"

தப்பு எதுவும் தோன்றவில்லை. ஈஸ்டருக்கு அவர் ஒரு துண்டு எனக்கும் கொடுத்தார், அக்கா. என் பாட்டுத் தந்தி கட்டின இறைச்சியை நானே இரண்டு தட்டு சாப்பிட்டிருக்கிறேன். நாலாவது சுருள் மிச்சமிருந்தது. அடுப்பு வாடை வருகிறது, ஆனால் தந்தி முழுசு. இன்னொன்றுக்கு இன்றே எழுதிவிட்டேன்.

நிலவரம் நீ நினைக்கிற அளவு மோசமில்லை. எக்காளம் ஏற்கெனவே ரே. அதைத் தொடவே வேண்டாம், நாய் பழகின இடத்திலேயே இருக்கும். சின்ன வண்டு தோவில் இருக்கிறது, ஒரு ஸ்வரம் ஏற்றினால் ரே. பெரிய வண்டையும் ஈயையும் கொக்கியில் மாட்டிவிடுகிறேன். மாறவேண்டியது பாட்டுத் தந்தி இரண்டு மட்டும். நாக்குகள் நாற்பத்தாறு, அதுவும் காதால். முதல் தடவை மூன்று வாரம் ஆனது. இந்தத் தடவை எந்த ஸ்வரம் எங்கே நடுங்கும் என்று தெரியும்.

மார்ச்சில் நான் சொன்னதே சரி என்று எழுத நினைத்தேன். சரியில்லை. அன்றைக்கு நான் ரே எடுத்தது என் தந்திக்காக. இன்றைக்கு எடுப்பது உன் குழலுக்காக. சுருதி ஒன்றுதான், ஆனால் வேறே விஷயம்.

வருவாயா என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்கிறேன். வருவாயா?

ரெஜிஸ்


ஓரியாக்
8 ஜூன்

ரெஜிஸ்,

வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை ரயில்.

குழலைப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வருவேன். ஞாயிறு அதிகாலையிலேயே கிளம்பவேண்டும், திங்கள் உருளைகள் எனக்காகக் காத்திராது.

ஊர்வலத்தில் நான் அரை அடி முன்னால் நடப்பேன். குழலுக்கு அது வழக்கம். நீ என் இடது தோளுக்குப் பின்னால் வா.

கிஸ்லேன்


பூர்ஜ்
19 ஜூன் 1983, ஞாயிறு, பகல் 11.20

கிஸ்லேன் அக்கா,

தந்திகள் ஆறு. அறுந்தவை பூஜ்யம்.

இந்தக் கணக்குக்காகத்தான் இந்தக் கடிதம். நேற்று மேயர் ஆபீஸ் வாசலில் மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் நீ, "பாவம், பாதி வழியில என் தம்பிக்குப் பாட்டுத் தந்தி அறுந்துபோச்சு, ஆனா விடாம சமாளிச்சிட்டான்" என்றாய். அவர் என் முதுகில் தட்டினார். பிறகு விருந்தில் அதே கதையை நாலு பேர் சொன்னார்கள், நாலு பேரிடமும் சும்மா இருந்தேன்.

தந்தி அறவில்லை.

நீ முன்னால் பார்த்து நடந்தாய், உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதனால் பின்னால் நடந்ததை எழுதுகிறேன். புதன்கிழமைதான் இரண்டாம் தந்தி வந்தது, வெள்ளி மதியம்தான் கடைசி நாக்கை வைத்தேன். வெள்ளி மாலை களஞ்சியத்தில் நாம் பழகினது பத்தே நிமிஷம், அதற்குள் அம்மா மேசை தூக்கக் கூப்பிட்டுவிட்டாள். ஆனால் சனிக்கிழமை வாசலில் நதேஜ் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியைத் தாண்டினபோது எல்லாமே கூடி வந்திருந்தது. ரே உன்னுடைய ரேயோடு ஒட்டிக்கொண்டது, எங்கே நீ முடிகிறாய், எங்கே நான் ஆரம்பிக்கிறேன் என்று தெரியவில்லை. நாய் நாலு குரைப்பும் குரைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. விரல் தானாக ஓடியது. இன்னும் வேகமாகச் சுற்றினேன், இன்னும் உரக்க.

இரண்டு களஞ்சியச் சுவர்களுக்கு நடுவே தெரு குறுகுகிறதே, அங்கே உன் இடது தோள் உயர்ந்தது. ஒரு விரல் அளவுதான். எனக்கு அந்தத் தோளைத் தெரியும். போன ஜூலையில் நீ மேடையை விட்டு இறங்குவதற்கு முன்னால் அதே தோள், அதே அளவு உயர்ந்தது.

அப்போதுதான் கேட்டேன். சுவர் என் சத்தத்தைத் திருப்பி எனக்கே கொடுத்தது. வியேல், வியேல், வியேல். உன் பாட்டு எங்கேயும் இல்லை. பெட்டியை மாற்றிவிட்டு அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இடது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்தேன். பாட்டுத் தந்தி இரண்டையும் தூக்கிக் கொக்கியில் மாட்டினேன். சின்ன வண்டு, எக்காளம், நாய். அவ்வளவுதான் மிச்சம். சக்கரத்தை நிறுத்தவில்லை.

உன் பாட்டு வந்தது, அக்கா. தலைக்கு மேலே, கூரைகளுக்கு மேலே, முழுசாக. உன் தோள் இறங்கியது. பின்னால் நடந்தவர்களின் காலடி ஒன்றாக விழ ஆரம்பித்தது, நீயும் கேட்டிருப்பாய், அறுபது பேரும் நாயின் குரைப்பில் கால் வைத்தார்கள். தபால்காரர் ஃபுஷே என் பக்கத்தில் வந்து, "இன்னிக்கி உங்க அக்கா ஊதுறாடா" என்றார்.

நேற்றே ஏன் சொல்லவில்லை என்றால், தந்தி அறவில்லை என்று சொன்னால் ஏன் எடுத்தாய் என்று கேட்பாய். அதற்குப் பதில் சொல்ல ஜூலைக்குப் போகவேண்டும். ஜூலையில் நீ மூன்று தடவை திரும்பிப் பார்த்தாய் என்று எழுதியிருந்தாய். மூன்றும் எனக்குத் தெரியும். உன் பாட்டு கேட்கவில்லை என்றும் அப்போதே தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. துருத்தியை வேண்டுமென்றுதான் அகலமாக இழுத்தேன். கர்வம் என்று ஊரெல்லாம் சொன்னேனே, அது என்னுடையது. மன்னித்துவிடு. விருந்து மேசையில் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

அதிகாலை ரயிலடியில் நீ ஜன்னல் வழியாக, "டேய், உன் நாய் நல்லா குரைச்சுதுடா" என்றாய். வீடு வரும்வரை வண்டியில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இனிச் செய்யப்போவது:

1. இன்று: பாட்டுத் தந்திகளைத் துடைத்துப் புதுப் பஞ்சு சுற்றுவேன். சுருதி ரேயிலேயே இருக்கும்.

2. நாளை காலை: அதிர்வெண்மானியை ஆய்வுக்கூடத்தில் வைத்துவிடுவேன். மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

3. மதாம் புவாரோனுக்கு ஒரு பெரிய உருண்டை சமையல் நூல் வாங்கித் தருவேன்.

4. உன் ஸொல் குழல் ஆகஸ்டில் ஒட்டி வந்ததும் ஓரியாக்குக்கு வருவேன். நீ ஊது, நான் கேட்கிறேன். அதற்குப் பிறகுதான் தந்தி வாங்குவேன்.

5. ஜூலை 14, வியாழன், அதே மேடை: நடனக் குழுவின் பட்டியலில் உன் பெயரை மேலேயும் என் பெயரைக் கீழேயும் எழுதச் சொல்லியிருக்கிறேன், பென்சிலால். நீ சரி என்று எழுதினால் மையால் எழுதுவார்கள்.

6. அன்றைக்கு முதல் பாட்டு முழுக்க என் பாட்டுத் தந்திகள் கொக்கியில் இருக்கும். நீ திரும்பிப் பார்த்துத் தலையசைத்தால் இறக்குவேன்.

ரெஜிஸ்